255 கிலோ எங்கிருந்து வந்தது? ஒரு பழைய மோட்டார் படகைச் சோதித்த கதை

நண்பர் ஒருவர் பழைய மோட்டார் படகு வாங்கப் போவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டபோதே மனதுக்குள் பாதி வாங்கிவிட்டிருந்தார். "இன்ஜின் சத்தம் அவ்வளவு அருமையா இருக்கு அண்ணே. நீங்க வந்து ஒரு பார்வை பார்த்தா போதும்" என்றார். நான் இன்ஜின் ஆள் இல்லை. ஃபைபர் படகுகளின் உடலைப் பழுதுபார்ப்பது என் வேலை. அதனால் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் வரச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

இந்தப் படகைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. இதில் பளிச்சென்று கண்ணில் படும் குறை ஒன்றுகூட இல்லை. கிடைத்த தடயம் ஒவ்வொன்றுக்கும் சாதாரணமான வேறு விளக்கமும் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பணத்தைக் கொடுத்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் அவை ஒரே இடத்தைக் காட்டின.

படகு

19 அடி, அதாவது 5.8 மீட்டர் நீளம். அணியப் பக்கம், அதாவது முன்பக்கம், திறந்து, அங்கேயும் இருக்கை போட்ட உல்லாசப் படகு. 4.3 லிட்டர் வி6 பெட்ரோல் இன்ஜின் படகுக்குள்ளேயே பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் மட்டும் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே தண்ணீரில் இறங்கும். ஸ்டெர்ன்டிரைவ் என்பது இதுதான். பின்பலகையைத் தொழிலில் டிரான்சம் என்பார்கள். வெளியே பார்த்தால் முழுக்க ஃபைபர் போலத் தெரியும். ஆனால் இந்த வயதுப் படகுகள் பலவற்றில் டிரான்சத்தின் நடுவே ஏறக்குறைய 2 அங்குல கனத்துக்கு ஒட்டுப்பலகைதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஃபைபர், அதற்கு மேல் பளபளப்புக்கு அரை மில்லிமீட்டர் அளவில் ஜெல்கோட். இன்ஜினின் தள்ளுவிசை முழுவதையும் தாங்குவது அந்தப் பலகைதான்.

முதலில் எண்ணைப் பார்த்தேன். டிரான்சத்தின் வலது மேல்மூலையில் 12 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை பதிந்திருக்கும். நாட்டுக் குறியீடு சேர்ந்தால் 14. முதல் மூன்றும் தயாரிப்பாளரின் குறியீடு, அடுத்த ஐந்தும் வரிசை எண். கடைசி நான்கில் முதலில் வரும் எழுத்து மாதத்தையும், அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண்ணையும், கடைசி இரண்டும் மாடல் ஆண்டையும் சொல்லும். விளம்பரத்தில் 2007 மாடல் என்று இருந்தது. எண்ணோ ஆங்கில வரிசையின் எட்டாவது எழுத்து, பிறகு 4, பிறகு 05 என்று முடிந்தது. அதாவது 2004 ஆகஸ்டில் வேலை நடந்த 2005 மாடல். விற்பவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் இரண்டாவது உரிமையாளர், வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அவருக்குச் சொல்லப்பட்டதைத்தான் எங்களுக்குச் சொன்னார். படகு, டிரெய்லர் இரண்டின் பத்திரங்களும் அவர் பெயரில் இருந்தன, கடன் பாக்கி இல்லை. அந்தப் பக்கம் அதோடு முடிந்தது.

கரையில் வைத்துப் பார்த்தது

படகு கூரைக்குக் கீழே டிரெய்லரில் நின்றது. இரண்டு வாரமாக மழை இல்லை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

உள்ளே ஏறியதும் நண்பருக்குப் பிடித்துப்போனது தரைவிரிப்பு. புத்தம் புதியது, விளிம்பெல்லாம் நேர்த்தியாக ஒட்டியிருந்தது. எனக்கு அங்கேதான் கேள்வி வந்தது. பதினைந்து வயதைத் தாண்டிய படகில் இருக்கைத் துணி பழையது, ஸ்டியரிங் பழையது, தரைவிரிப்பு மட்டும் ஏன் புதிது? பழையது கிழிந்திருக்கலாம், அது நடப்பதுதான். காலணியைக் கழற்றிவிட்டு, குதிகாலால் அழுத்தி அழுத்தித் தளம் முழுக்க நடந்தேன். ஓட்டுநர் இருக்கையின் அடிப்பாகத்திலும் இன்ஜின் பெட்டிக்கு முன்னாலும் தளம் கொஞ்சம் இறங்கி எழுந்தது. கால் புதையும் அளவுக்கெல்லாம் இல்லை. மெத்தென்ற விரிப்பின் மேல் அதைக் கவனிப்பதே கஷ்டம். காலணி போட்டு நடப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்ஜின் பெட்டியைத் திறந்தேன். படகின் அடிக்குழியை, அதாவது பில்ஜை, யாரோ சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அங்கே தண்ணீர் இறைக்கும் பம்பு இரண்டு இருந்தன. ஒன்று பழையது. இன்னொன்று புதியது, அதைவிடப் பெரியது. 19 அடிப் படகுக்கு இரண்டு பம்பு கூடாது என்று சட்டம் இல்லை, பாதுகாப்புக்காகக்கூட வைத்திருக்கலாம். ஆனால் பெரிய பம்பு போட வேண்டும் என்று ஒருவருக்கு எப்போது தோன்றும்? தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகுதான். தாளில் எழுதிக்கொண்டேன்.

அடுத்து டிரான்சம். பிளாஸ்டிக் தலை வைத்த சிறிய சுத்தியலால் கை அகலத்துக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போனேன். ஃபைபரும் பலகையும் ஒட்டி, காய்ந்து இருக்கும் இடத்தில் 'டக், டக்' என்று கூர்மையான சத்தம் வரும், சுத்தியல் கையில் துள்ளும். ஈரமோ பிரிவோ இருந்தால் 'தொப்' என்று விழும், துள்ளாது. மேற்பாதி முழுக்கச் சுத்தமான சத்தம். கீழ்ப்பாதியில், தண்ணீர் வடியும் அடைப்பானைச் சுற்றியும் டிரைவுக்கு வலது கைப் பக்கத்திலும் சத்தம் மந்தமாக இருந்தது. அங்கே உள்பக்கம் நெடுக்குச் சட்டங்கள் வந்து சேர்வதாலும் சத்தம் மாறலாம். அதனால் இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஈரமானியும் வைத்துப் பார்த்தேன். இந்தக் கருவியைப் பலர் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அது மரத்துக்காக அளவு செய்த கருவி. ஃபைபரின் மேல் வைக்கும்போது அது காட்டும் சதவீதத்துக்கு நேரடிப் பொருள் கிடையாது. ஒரே படகில் இந்த இடத்தைவிட அந்த இடம் எவ்வளவு அதிகம் என்று ஒப்பிட மட்டும்தான் உதவும். பின்னால் உலோகத் தொட்டியோ, மேலே செம்பு கலந்த அடிப்பெயிண்டோ இருந்தால் பொய்யாகவும் ஏறும். டிரான்சத்தின் மேற்பகுதியைவிடக் கீழ்ப்பகுதியில் மூன்று மடங்குக்கு மேல் காட்டியது. அணியத்தின் வலது பக்கம் ஓர் இடத்திலும் ஏறியது. அங்கேயும் ஈரம் என்றே அன்றைக்கு எழுதி வைத்தேன். அது தவறு என்று பிறகு தெரிந்தது.

மெக்கானிக் டிரைவின் வாலைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க, நான் உள்ளே டார்ச் வைத்துக்கொண்டு பார்த்தேன். டிரைவைத் தாங்கும் வளையத்துக்கும் டிரான்சத்துக்கும் நடுவே இடைவெளி எதுவும் திறக்கவில்லை. இது நல்ல அறிகுறி. ஆனால் உள்பக்கம் கீழே இருந்த இரண்டு போல்ட்டுகளின் வாஷர் பலகைக்குள் லேசாக அமுங்கியிருந்தது. மேலே இருந்தவை அப்படி அமுங்கவில்லை. நல்ல பலகையில் வாஷர் அமுங்காது.

வெளியே ஜெல்கோட்டில், டிரைவுக்காக வெட்டிய திறப்பின் கீழ் மூலையிலிருந்து மயிரிழை விரிசல்கள் விசிறி போல விரிந்திருந்தன. ஜெல்கோட் விரிசல் பழைய படகு எல்லாவற்றிலும் இருக்கும், பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்றுவிடும். ஆனால் ஒரு மூலையை மையமாக வைத்து விரியும் விரிசல், அந்த மூலை அசைகிறது என்று சொல்கிறது. கயிறு கட்டும் கொக்கிகளைச் சுற்றி இப்படி எதுவும் இல்லை. அடிப்பக்கம் கொப்புளம் ஒன்றும் இல்லை. எப்போதும் டிரெய்லரில் ஏறி இறங்கும் படகுக்கு அது எதிர்பார்த்ததுதான்.

கிளம்பும் முன் விற்பவரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். வடிகால் அடைப்பானைத் திறந்தே வைக்க வேண்டும், கீழே ஒரு தட்டு வைக்க வேண்டும். நாளை நாங்கள் வரும்வரை இன்ஜினைக் கிளப்பவே கூடாது. இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்.

இன்ஜின்

மறுநாள் காலை மெக்கானிக் முதலில் செய்தது இன்ஜினைத் தொட்டுப் பார்த்தது. குளிர்ந்திருந்தது. சூடாக்கி வைத்த இன்ஜின் எல்லாமே நன்றாகத்தான் கிளம்பும், குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, உள்காற்றை வெளியேற்றும் புளோயரை 4 நிமிடம் ஓட விட்டார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பில்ஜில் போய்த் தேங்கி நிற்கும். இந்த 4 நிமிடத்தை யாரும் எந்த நாளும் விடக்கூடாது. இரண்டாவது முயற்சியில் இன்ஜின் கிளம்பியது. நண்பர் சொன்னது உண்மைதான், சத்தம் அருமையாகவே இருந்தது.

ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையைச் சூடான இன்ஜினில், எல்லா ஸ்பார்க் பிளக்கும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துச் செய்தார். ஆறு சிலிண்டரில் அதிகம் 165 பிஎஸ்ஐ, குறைவு 152. பெரிய எண் வந்தது என்பதைவிட, ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இங்கே 8 சதவீதம். ஆயிலில் பால் போன்ற கலங்கல் இல்லை. டிரைவின் கியர் ஆயிலிலும் தண்ணீர் இல்லை, அதன் காந்தத் திருகில் மாவு போல மெல்லிய சாம்பல் பசை மட்டும் ஒட்டியிருந்தது. உலோகச் சில்லு இருந்திருந்தால் கதை வேறு.

குறைகளும் கிடைத்தன. இன்ஜினைக் குளிர்வித்த நீரும் புகையும் வெளியேறும் ரைசர் குழாய் இரண்டில், இடப்பக்க ரைசர் வலப்பக்கத்தைவிட 25 டிகிரி செல்சியஸ் அதிகச் சூட்டில் இருந்தது. உள்ளே நீர்வழி துருவால் அடைபட்டு வருகிறது என்று பொருள். கடல்நீரில் ஓடும் படகில் இந்த ரைசரும், புகையைச் சேர்த்து அதற்கு அனுப்பும் மேனிஃபோல்டும் 5 முதல் 7 வருடத்தில் மாற்ற வேண்டிய பொருள்கள். விட்டுவைத்தால் ஓட்டை விழுந்து தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் போகும், நல்ல இன்ஜின் ஒரே நாளில் போய்விடும்.

டிரைவைத் தூக்கி, இடதுகோடிக்கும் வலதுகோடிக்கும் திருப்பி, ரப்பர் துருத்திகளின் மடிப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மடிப்பின் அடியில் வெடிப்பு. நேராக நிற்கும்போது அது கண்ணில் படவே படாது. டிரான்சத்தின் ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வராமல் தடுப்பது இந்த ரப்பர்தான். கிழிந்தால் முதலில் டிரைவுக்குப் போகும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் கெடும், கட்டிப்போட்ட இடத்தில் படகே மூழ்கவும் கூடும். பேரிங்கில் இன்னும் உறுமல் சத்தம் இல்லை.

எல்லாவற்றையும்விட மெக்கானிக்கைக் கோபப்படுத்தியது பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர். அது காருக்கான ஆல்டர்னேட்டர். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், மின்சாரமும் ஒழுங்காகத் தரும். ஆனால் படகுக்கானது உள்ளே எழும் தீப்பொறி வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காதபடி மூடிச் செய்யப்பட்டது, காருக்கானது அப்படி இல்லை. ஸ்டார்ட்டருக்கும் இதே கதைதான். பழைய படகு வாங்குபவர்கள் இன்ஜின் மேல் இருக்கும் இந்தப் பாகங்களின் பெயர்த்தகட்டைக் கட்டாயம் படிக்க வேண்டும். சில பணத்தை மிச்சம் பிடிக்க யாரோ செய்த மாற்றம், படகில் இருக்கும் பிள்ளைகளின் உயிரோடு சம்பந்தப்பட்டது.

மீட்டரில் 412 மணி நேரம். ஸ்டியரிங்கின் தேய்மானம் அதோடு ஒத்துப்போனது. இந்த வயதுக்கு இது குறைவான ஓட்டம். குறைவு என்றால் நல்லது என்று அர்த்தமில்லை, நின்றே கெட்ட ரப்பரும் ஹோஸும் இதில் நிறைய இருந்தன. மொத்தத்தில் மெக்கானிக்கின் முடிவு: "இன்ஜினுக்கு உயிர் இருக்கு. ரைசர், துருத்தி, ஆல்டர்னேட்டர், ஹோஸ் எல்லாம் மாத்தணும். அந்தச் செலவைக் கழிச்சுக் கேட்டா எடுக்கலாம்." நண்பரின் முகம் மலர்ந்தது.

நான் டிரெய்லருக்கு அடியில் வைத்த தட்டைப் பார்க்கப் போனேன். நிரம்பி வழிந்திருந்தது. இரவு முழுக்கச் சொட்டியிருக்கிறது. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. கூரைக்குக் கீழே நிற்கும் படகு, இரண்டு வாரமாக மழையும் இல்லை. பில்ஜோ துடைத்துவிட்டது போல் காய்ந்திருந்தது. அப்படியானால் சொட்டும் தண்ணீர் பில்ஜில் தேங்கியது அல்ல. அடைப்பானின் உலோக வளையத்துக்கும் ஃபைபருக்கும் நடுவிலிருந்து கசிந்து வருகிறது. அந்த நிறம் மரம் ஊறிய நிறம்.

வெள்ளோட்டம்

விற்பவர், நண்பர், மெக்கானிக், நான் என்று நான்கு பேர் ஏறினோம். ஏறுவதற்கு முன், ஆள் இல்லாமல் மிதக்கும்போதே கரையில் நின்று பார்த்தேன். பின்பக்கம் தாழ்ந்து நின்றது. உடலில் நாள்பட்ட அழுக்குக் கோடு ஒன்று இருந்தது. பின்பக்கத்தில் அது அலங்காரக் கோட்டைவிட நான்கு விரல் உயரத்தில் போயிற்று, முன்பக்கத்தில் அதற்குக் கீழேயே இருந்தது. படகு வெகுநாளாக இப்படித்தான் பின்னால் சாய்ந்து மிதக்கிறது என்பதை அந்த அழுக்கே எழுதி வைத்திருந்தது.

திராட்டிலைத் தள்ளியதும் அணியம் எழுந்து வானத்தைப் பார்த்தது. அப்படியே நின்றது. இந்த அளவுப் படகு இந்த இன்ஜினோடு 5, 6 விநாடியில் தண்ணீர்மேல் எழுந்து வழுக்கி ஓட ஆரம்பிக்க வேண்டும். இது 11 விநாடி எடுத்துக்கொண்டது. முழு வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 4,100 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. அந்த இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு 4,400 முதல் 4,800 வரை.

முழு திராட்டிலில் இன்ஜின் தன் வரம்பைத் தொடுகிறதா என்று பார்க்காமல் படகு வாங்கவே கூடாது என்பேன். வெள்ளோட்டம் என்றால் பலர் அமைதியாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். இன்ஜின், புரொப்பெல்லர், படகின் எடை மூன்றும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தால்தான் அந்த எண் வரும். வராவிட்டால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

எது என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தோம். மீட்டர் தவறாகக் காட்டுகிறதா? மெக்கானிக் தன் கருவியை இணைத்துப் பார்த்தார், 4,080. இன்ஜினுக்குப் பலம் இல்லையா? கம்ப்ரஷன் நன்றாக இருந்தது, ஆறு சிலிண்டரும் எரிந்தன. அடியில் பாசியோ சிப்பியோ ஒட்டியிருக்கிறதா? சுத்தமாக இருந்தது. நான்கு பேர் எடையா? இரண்டு பேரை இறக்கிவிட்டு மறுபடி ஓடினோம், 100 சுற்றுகூடக் கூடவில்லை. புரொப்பெல்லர் பெரிதா? அதன் நடுவில் பிட்ச் எண், அதாவது ஒரு சுற்றுக்கு அது முன்னேற வேண்டிய தூரம், பொறித்திருக்கும். தயாரிப்பாளர் இந்தப் படகுக்குப் போட்டுக் கொடுத்த அதே அளவுதான் இருந்தது.

விற்பவர் நல்ல எண்ணத்தோடு சொன்னார்: "ரெண்டு அங்குலம் பிட்ச் குறைச்சுப் போட்டா சரியாயிடும் சார்." கணக்குப்படி அவர் சொன்னது உண்மைதான். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று வரை கூடும். எண் சரியாகிவிடும். ஆனால் புதிதாக இருந்தபோது அதே புரொப்பெல்லரோடு ஓடிய படகு இன்று ஏன் ஓடவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கும், அதைக் கேட்க வைக்கும் அறிகுறிதான் மறைந்துபோகும். மீதமிருந்தது எடை ஒன்றுதான்.

எடைமேடை

படகு தண்ணீரில் இருக்கும்போதே காலி டிரெய்லரை லாரி எடைபோடும் மேடையில் ஏற்றினோம். 370 கிலோ. படகை ஏற்றிக்கொண்டு வந்து, வண்டியைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுத்தினோம். 1,990. ஆக, படகு மட்டும் 1,620 கிலோ.

தயாரிப்பாளரின் பட்டியலில் இந்த மாடலின் எடை, இன்ஜினையும் சேர்த்து, 1,250. இன்ஜின் சேர்ந்த எடையா இல்லையா என்பதை எப்போதும் உறுதிசெய்துகொள்ள வேண்டும், இன்ஜினை வெளியே மாட்டும் அவுட்போர்டு படகுகளில் பெரும்பாலும் சேர்க்கமாட்டார்கள். தொட்டியில் 60 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 0.74 கிலோ என்றால் 45 கிலோ. பேட்டரி, நங்கூரம், கயிறு, மிதவை உடைகள், பெட்டிக்குள் கிடந்த சாமான் எல்லாம் தாராளமாக 70. கூட்டினால் 1,365.

மிச்சம் 255 கிலோ. பட்டியல் எடையில் 50 கிலோ முன்னே பின்னே இருக்கும் என்று விட்டாலும் 200 கிலோ எங்கேயோ ஒளிந்திருக்கிறது. பில்ஜ் காய்ந்திருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. தண்ணீர் நிற்க ஒரே ஓர் இடம்தான் மிச்சம்: தளத்துக்கு அடியில், நெடுக்குச் சட்டங்களுக்கு நடுவே நிரப்பியிருக்கும் ஃபோம்.

அமெரிக்க விதிகள்படி 20 அடிக்குக் குறைந்த இவ்வகைப் படகுகள் தண்ணீர் நிரம்பினாலும் முழுகாமல் மிதக்க வேண்டும். அதற்காகத்தான் தளத்துக்கு அடியில் பாலியூரித்தேன் ஃபோமை ஊற்றி நிரப்புகிறார்கள். புதிதாக இருக்கும்போது கன மீட்டருக்கு 32 கிலோ மட்டும் எடையுள்ள பொருள். அறை அறையாக மூடிய குமிழ்களால் ஆனது, தண்ணீர் குடிக்காது என்பார்கள். சில மாதம் குடிக்காது, சரி. வருடக்கணக்கில் தண்ணீரில் உட்கார்ந்தால், அதோடு அலையின் அடியும் சேர்ந்தால், குமிழ்ச் சுவர்கள் ஒவ்வொன்றாக உடைந்து ஊறும். மேலே மூடிய தளம், பக்கத்தில் ஃபைபர் சுற்றிய மரச் சட்டம். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அதைத் தின்னாது. இங்கே மரம் ஈரப் பஞ்சை அணைத்துக்கொண்டே வருடக்கணக்கில் கிடந்திருக்கிறது.

ஒரு திருகு

இதுவரை எல்லாமே ஊகம். அடுத்தவர் படகில் ஓட்டை போட்டுப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஏற்கனவே இருக்கும் திருகு ஒன்றைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்கலாம். ஆழம் காட்டும் கருவியின் சென்சார், டிரான்சத்தின் கீழ் வலது மூலையில் இரண்டு திருகில் நின்றது. விற்பவர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

திருப்புளியை வைத்து அழுத்தித் திருப்ப வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். விரலாலேயே சுற்றி எடுத்துவிட்டேன். திருகு வந்த ஓட்டையிலிருந்து அதே தேநீர் நிறத் தண்ணீர் கோடாக இறங்கியது. உள்ளே ஒரு கம்பியை விட்டேன். பலகை இருக்க வேண்டிய இடத்தில் 30 மில்லிமீட்டர் வரை தடையில்லாமல் போயிற்று. நுனியில் ஒட்டி வந்தது பழுப்பு நிறக் கூழ். ஓட்டையில் கடலுக்கான சீலண்டை நிரப்பித் திருகைத் திரும்பப் போட்டேன். யாரும் சில நிமிடம் பேசவில்லை.

நண்பர் மெதுவாகக் கேட்டார்: "இதை மட்டும் சரி பண்ணிட முடியாதா அண்ணே?"

முடியும். இன்ஜினையும் டிரைவையும் வெளியே எடுக்க வேண்டும். தளத்தை அறுத்து, ஃபோம் முழுவதையும் தோண்டி எடுத்து, சட்டங்களை மாற்றி, டிரான்சத்தின் உள்தோலை உரித்து, பலகையை மாற்றி, திரும்பவும் ஃபைபர் போட வேண்டும். என் வேலையில் இதைப் பலமுறை செய்திருக்கிறேன். இரண்டு பேர் இரண்டு மாதம் உழைக்கும் வேலை. அந்தச் செலவு படகுக்குக் கேட்ட விலையைத் தாண்டியது. இன்ஜினின் குறைகளை நாங்கள் ஒரு நாள் வேலை, ஒரு வார வேலை என்று கணக்குப் போட்டுக் கழித்துவிட்டோம். உடலுக்கு அந்தக் கழித்தல் எடுபடவில்லை. ஒரு படகின் மதிப்பில் பெரும்பங்கு அதன் காய்ந்த உடலில் இருக்கிறது, சத்தம் போடும் பாகத்தில் இல்லை. நான் அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

நண்பர் வாங்கவில்லை. இந்தச் சோதனையும் வெள்ளோட்டமும் திருப்தியாக இருந்தால் மட்டும் வாங்குவேன் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கியிருந்ததால் பணம் முழுதாகத் திரும்ப வந்தது.

தளத்தை அறுத்தபோது

மூன்று வாரம் கழித்து விற்பவரே என்னைக் கூப்பிட்டார். "நீங்க சொன்னதுக்கப்புறம் இதை இன்னொருத்தர் தலையில கட்ட எனக்கு மனசு வரல சார். திறந்து பார்த்துடலாம்" என்றார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. எத்தனையோ பேர் அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டிருப்பார்கள்.

இதனால்தான் இந்த ஆய்வை முழுமையாக எழுத முடிகிறது. சோதனையில் எது சரி, எது தவறு என்று நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது.

புதுத் தரைவிரிப்பை உரித்தோம். கீழே தளத்தின் மேல் பழைய ஒட்டுப்போட்ட தடம். யாரோ மேலோட்டமாகப் பழுதுபார்த்துவிட்டு விரிப்பைப் போட்டிருக்கிறார்கள். தளத்தை வட்ட ரம்பத்தால் அறுத்துத் தூக்கியபோது வந்த வாசம், பழைய கிணற்றடி வாசம். ஃபோமின் மேல் கைப்பிடி அளவு மட்டும் மஞ்சளாக, காய்ந்து இருந்தது. அதற்குக் கீழே கறுத்து, பிழிந்தால் சொட்டியது. பின்பக்கத்தில்தான் அதிகம். படகு பின்னால் தாழ்ந்து நின்றதும், அணியம் எழுந்து நின்றதும் அங்கே விளங்கின. தோண்டி எடுத்ததைச் சாக்கில் கட்டி எடை போட்டோம்: 210 கிலோ. அதே அளவு புது ஃபோம் 10 கிலோகூட வராது.

நெடுக்குச் சட்டங்களில் வெளிப்புற ஃபைபர் உறை முழுசாக இருந்தது, உள்ளே மரம் இல்லை. இரண்டு சட்டத்திலும் பின்புற ஒரு மீட்டர் வெறும் குழாய். இன்ஜின் உட்கார்ந்திருந்த போல்ட்டுகள் அந்தக் குழாயின் உறையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

தண்ணீர் வந்த வழி மூன்று. பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை. இருக்கையைத் தளத்தில் பிடித்த திருகுகளுக்குச் சீலண்டே போடவில்லை, மழையும் கழுவிய தண்ணீரும் அதன் வழியே சொட்டுச் சொட்டாக ஃபோமுக்குப் போயிருக்கின்றன. வடிகால் அடைப்பானின் வளையத்தில் சீலண்ட் காய்ந்து உதிர்ந்திருந்தது, பலகையின் வெட்டிய விளிம்பு அங்கே மூடப்படாமல் இருந்தது. மூன்றாவது, பின்னால் ஏணியைப் பிடித்த போல்ட்டுகள். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்தில் சரிசெய்திருக்கக்கூடியது.

நான் தவறியது அணியத்தின் வலது பக்கத்தில். அங்கே ஈரம் என்று எழுதியிருந்தேன். அறுத்துப் பார்த்தால் மரம் வெளிர் நிறத்தில், உறுதியாக இருந்தது. உள்பக்கமாகத் தளத்தை ஒட்டி ஓர் அலுமினியப் பட்டை ஓடியது, ஈரமானியை ஏமாற்றியது அதுதான். சுத்தியல் அங்கே தெளிவான சத்தம்தான் கொடுத்திருந்தது. கருவியைவிடச் சுத்தியலை நம்பியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் இரண்டும் ஒத்துப்போகாத இடத்தை 'தெரியவில்லை' என்று மட்டும் எழுதுகிறேன்.

டிரைவை ஆட்டிப் பார்த்தபோது இடைவெளி திறக்காததும் என்னை யோசிக்க வைத்தது. டிரான்சத்தின் மேற்பாதிப் பலகை நல்ல நிலையில் இருந்தது, வளையத்தை மேல் போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருந்தன. அதனால்தான் அசையவில்லை. அசைந்தால் டிரான்சம் கெட்டிருக்கிறது என்று சொல்லலாம். அசையவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நண்பர் இன்னும் படகு தேடிக்கொண்டிருக்கிறார். இப்போது விளம்பரத்தைப் பார்த்ததும் விற்பவரிடம் அவர் முதலில் கேட்பது பட்டியல் எடையை. அப்புறம், எடைமேடைக்குக் கொண்டுவரச் சம்மதமா என்று. சம்மதிக்காதவர்களைத் தேடிப் போவதில்லை.

ஊறிய ஃபோமை வெயிலில் வைத்துக் காயவைக்க முடியாதா, தளத்தில் ஓட்டை போட்டு மின்விசிறி வைத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் படகிலிருந்து 2 லிட்டர் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்து வந்து என் பட்டறைத் தட்டில், காற்று படும் இடத்தில் வைத்தேன். முதல் நாள் 1,740 கிராம். நான்கு மாதம் கழித்து 980. காய்ந்திருந்தால் 64 கிராம்தான் இருக்க வேண்டும். மேல்தோல் பொரபொரவென்று உதிர்கிறது, நடுவில் கத்தியை இறக்கினால் ஓரத்தில் இன்னும் தண்ணீர் திரள்கிறது.